தராசில் கெட்டிக்காரன், கொப்பியில் மக்கு?

கல்லடி அம்மா:
மகன் தரம் 3 படிக்கிறான். வீட்டுக்காரருக்கு இறால் வியாபாரம். கிலோ 1,800 ரூபாய் என்றால், முக்கால் கிலோவுக்கு 1,350 என்று தராசு முள் அசைந்து நிற்பதற்குள் சொல்லிவிடுவான். கணக்குக் கொப்பியைத் திறந்தால் வயிற்றுவலி. வாசிக்கச் சொன்னால் தண்ணீர்த் தாகம். இன்னும் இரண்டு வருடத்தில் புலமைப்பரிசில் பரீட்சை. நேற்றுப் பொறுக்கமாட்டாமல் அடித்துவிட்டேன். இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

களுவாஞ்சிகுடி வாத்தியார்:
தங்கச்சி, அடித்தது பிழை. ஆனால் வயிற்றுவலிக்கு இரங்கியது அதைவிடப் பெரிய பிழை. பரீட்சை மண்டபத்தில் இறாலும் இருக்காது, தராசும் இருக்காது. ஏழெட்டு எத்தனை என்று விரலை மடக்குகிற பிள்ளை நீள்வகுத்தலில் பாதி வழியிலேயே களைத்துவிடும். தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாய்ப்பாடு சொல்ல வையுங்கள். நாங்களெல்லாம் அப்படித்தான் படித்தோம்.

ஏறாவூர் வாப்பா:
சேர், நானும் அப்படித்தான் உட்கார வைத்தேன். என் மகள் பாடத்தைத் தட்டுத் தடங்கலில்லாமல் ஒப்புவிப்பாள். ஒருநாள் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, நடுவிலுள்ள ஒரு சொல்லில் விரலை வைத்தேன். ‘வாளி’ என்று இருந்தது. ‘வாழை’ என்றாள். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்திருக்கிறாள்! கெட்டிக்காரி என்பதால்தான் இரண்டு வருடம் எங்களை ஏய்க்க முடிந்தது. ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள்: கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்வது ‘க்’. சில பிள்ளைகளுக்கு இது பெரும் சிக்கல். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் இருந்தாலும் அதற்கும் மூளைக் கூர்மைக்கும் சம்பந்தமில்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள் சகோதரி.

களுவாஞ்சிகுடி வாத்தியார்:
சோம்பலுக்கும் ஒரு நோயின் பெயர் வைத்தாகிவிட்டது!

அக்கரைப்பற்று டீச்சர்:
சேர், வாய்ப்பாடு வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். ஒரு மணி நேரம் என்பதில்தான் தகராறு. ஏழெட்டு கேட்டால் ஓரேழிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் நிறைய. அது மனப்பாடம், கணக்கல்ல. 2 முதல் 9 வரை மொத்தம் 64 பெருக்கல். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்று காட்டினால் 36 ஆகிவிடும். இரண்டும் ஐந்தும் ஏற்கெனவே தெரிந்திருந்தால் மிச்சம் 21. நாளுக்கு மூன்று, பத்து நிமிடம், முன்பின்னாகக் கேளுங்கள். வாசிப்பில் நீங்கள் ஒரு வரி, அவன் ஒரு வரி. திணறினால் சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே போங்கள். அந்த இடத்திலேயே நிறுத்தி வதைக்க வேண்டாம்.

கல்லடி அம்மா:
இன்று விரல் வைத்துப் பார்த்தேன். ‘தோட்டம்’ என்பதைத் ‘தோணி’ என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். “நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் வாசிப்பேன் அம்மா” என்றான். திரும்பி உட்கார்ந்தேன். நான்கு வரி வாசித்தான், மூன்று சொல் பிழை. கண் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை போகிறோம்.

களுவாஞ்சிகுடி வாத்தியார்:
கட்டம் போட்டு எண்ணிப் பார்த்தேன் டீச்சர், 36 சரிதான். பத்து நிமிடம் காணாது. இருபது.