அசதி, முடி கொட்டுது, எடை ஏறுது: ஹார்மோன் கோளாறான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்க?

நொய்யல்கரை (திருப்பூர்)
வணக்கமுங்க. பனியன் கம்பெனியில தையல், செக்கிங் பிரிவு ஆளுகளோட ஹெல்த் நோட்டைப் பார்த்துக்கிறது என் பொறுப்பு. எல்லாம் 30ல இருந்து 50 வயசுக்காரங்க. அசதி, எடை ஏறுது, முடி கொட்டுது, பீரியட்ஸ் முன்னப்பின்ன வருதுன்னு நிறையப் பேர் சொல்றாங்க. லேப்ல 'முழு ஹார்மோன் பேக்கேஜ்' எடுக்கச் சொல்றாங்க. எல்லாருக்கும் அது வேணுங்களா? எதைப் பார்த்து எந்த டெஸ்ட்டுக்கு அனுப்பறது?

சித்தோடு_நர்ஸ்
பேக்கேஜ் வேண்டாம் தம்பி. இருபது ஹார்மோனை ஒண்ணாப் பார்த்தா ஏதாவது ஒண்ணு கோட்டுக்கு வெளிய நிக்கும், அப்புறம் அந்தக் குடும்பமே வெசனப்பட்டுக்கிட்டு அலையும். அசதிங்கிறது எந்தச் சுரப்பியையும் தனியாக் காட்டிக் கொடுக்காது. அசதி கூட வேற என்ன இருக்குன்னு கேளுங்க.

முதல்ல ஹீமோகுளோபினும் சுகரும். பீரியட்ஸ் அதிகமாப் போற பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருந்தா, அசதிக்கும் முடி கொட்டுறதுக்கும் ரத்தசோகையே காரணமா இருக்கலாம்.

மத்தவங்களுக்கெல்லாம் ஃபேன் ஓடணும், இவங்களுக்கு மட்டும் குளிருது, மலச்சிக்கல், தோல் வறண்டு குரல் கரகரங்குது, காலைல முகம் உப்பியிருக்குன்னா தைராய்டு குறைவைச் சந்தேகப்படலாம். டிஎஸ்எச் (தைராய்டை வேலை வாங்கற ஹார்மோன், தைராய்டு குறைஞ்சா இது ஏறும்) ஒண்ணு போதும். 10க்கு மேல இருந்தா பெரும்பாலும் மாத்திரை வேணும். 4.5க்கும் 10க்கும் நடுவுல இருந்து டி4 (தைராய்டே சுரக்கிற ஹார்மோன்) சரியா இருந்தா உடனே முடிவு கட்டாதீங்க, ரெண்டு மூணு மாசம் விட்டு இன்னொரு தடவை பார்க்கணும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேற, காத்திருக்காம டாக்டர்கிட்ட அனுப்பிருங்க. தைராய்டு குறைவால ஏறுற எடை சில கிலோதான், அதுலயும் பெரும்பகுதி உப்பும் நீரும். 15 கிலோ ஏறியிருந்தா தைராய்டு மேல மட்டும் பழி போட முடியாது.

நல்லாச் சாப்பிட்டும் இளைக்கிறது, நெஞ்சு படபடப்பு, நீட்டுன கை விரல் நடுங்குறது, அடிக்கடி வயிறு போறது இதெல்லாம் தைராய்டு அதிகம். அதுக்கும் டிஎஸ்எச் தான்.

பீரியட்ஸ் 35 நாளுக்கு மேல தள்ளிப் போகுது, தாடையில முரட்டு முடி, பிடரி கருத்து வெல்வெட்டாட்டம் தடிச்சிருக்குன்னா பிசிஓஎஸ்ஸா (சினைப்பை சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறு) இருக்கலாம். கழுத்துக் கருப்பை அழுக்குன்னு தேய்க்காதீங்க, இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கறதுக்கு அது அடையாளம். இவங்களுக்கு சுகர் டெஸ்ட்டை விட்றக் கூடாது.

45 தாண்டினவங்களுக்கு பீரியட்ஸ் தாறுமாறாகி, திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்த்தா மெனோபாஸ் (பீரியட்ஸ் நிக்கற காலம்) நெருங்குது, பொதுவா எந்த டெஸ்ட்டும் வேண்டியதில்ல. 40க்கு முன்னாடியே நின்னா எஃப்எஸ்எச் (சினைப்பையை வேலை வாங்கற ஹார்மோன்) கட்டாயம் பார்க்கணும்.

உடுமலை_டாக்டர்
சித்தோடு அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. டிஎஸ்எச் மட்டும் பார்த்தா தப்பிப் போற ஆளுக இருக்காங்க. பிரசவத்துல ரத்தம் ஏராளமாப் போய், அப்புறம் பால் சுரக்கவே இல்ல, பீரியட்ஸும் திரும்ப வரல, அக்குள் முடி உதிர்ந்திருச்சு, வருசக்கணக்கா அசதின்னா அது ஷீஹான் நோய். மூளைக்கு அடியில இருந்து மத்த சுரப்பிகளை ஏவுற பிட்யூட்டரி சுரப்பியே பட்டுப் போயிருக்கும். இவங்களுக்கு டிஎஸ்எச் பல நேரம் நார்மல்னே வரும், டி4 தான் குறையும். காலைல கார்ட்டிசாலும் (அட்ரினல் சுரப்பியோட ஹார்மோன்) பார்க்கணும். அதைப் பார்க்காம தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாயிரும். பிரசவம் எப்படி ஆச்சுன்னு ஒரு கேள்வி, அவ்வளவுதான். தயவு செஞ்சு உங்க நோட்டுல அந்தக் கேள்விக்கு ஒரு இடம் விடுங்க.

பால் கொடுக்காத காலத்துல மார்புல பால் கசிஞ்சா புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்) பார்க்கணும். கூடவே தலைவலியும், பக்கப் பார்வை மறைக்கிறதும் இருந்தா நாள் கடத்தாதீங்க.

பல்லடம்_லேப்
டெஸ்ட் எடுக்கிற நேரம் தப்புனா ரிசல்ட்டும் தப்பும். டிஎஸ்எச்சுக்கு வெறும் வயிறு தேவையில்ல. ஏற்கனவே தைராய்டு மாத்திரை போடறவங்க அன்னைக்கு ரத்தம் கொடுத்துட்டு மாத்திரை போடணும். முடிக்குன்னு பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடறவங்க ரெண்டு மூணு நாள் முன்னாடி நிறுத்தணும். இல்லைன்னா நிறைய மெஷின்ல டிஎஸ்எச் பொய்யாக் குறைஞ்சு, டி4 பொய்யா ஏறி, இல்லாத தைராய்டு அதிகத்தைக் காட்டும்.

ஆம்பளைங்களுக்கு ஆசை குறைஞ்சு, காலை விறைப்பும் நின்னிருந்தா டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பார்க்கணும். காலைல 7ல இருந்து 10க்குள்ள, வெறும் வயித்துல, ரெண்டு தனித்தனி நாள்ல எடுக்கணும். நைட் ஷிஃப்ட் ஆளுக தூங்கி எழுந்த உடனே வரட்டும். ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வந்து கொடுத்தா குறைவாத்தான் காட்டும்.

கோபி_ஃபார்மசி
என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேக்காம யாரையும் டெஸ்ட்டுக்கு அனுப்பாதீங்க. கேஸ் மாத்திரைன்னு கேட்டு வாங்கற கேப்சூல் பலதுல பான்டோபிரசோலோட டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கு. அது புரோலாக்டினை ஏத்தி பீரியட்ஸைத் தள்ளிப் போடும்.

அதைவிடப் பெரிய பயம் ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கும், உடம்பு தேறவும் பேர் ஒட்டாத பொட்டலமா வாங்கிச் சாப்பிடறாங்க. முகம் நிலா மாதிரி உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மட்டும் சூம்பும். வயித்துல விரல் அகலத்துக்கு ஊதா வரி விழும். கையை ஊணாம தரையில இருந்து எழ முடியாது. இதைப் படிச்சுட்டு யாரும் சட்டுனு நிறுத்திறாதீங்க. சில வாரம் சாப்பிட்டாலே அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிரும். டாக்டர் சொல்லி, படிப்படியாத்தான் குறைக்கணும்.

நொய்யல்கரை (திருப்பூர்)
ரொம்ப நன்றிங்க. நோட்டுல பிரசவத்துக்கும் மாத்திரைக்கும் தனிப் பத்தி போடறேன். இன்னொண்ணு மட்டும்: தைராய்டு இருக்கறவங்க கம்பு, முட்டைக்கோஸ் தொடக்கூடாதுங்கறாங்களே, அக்கா?

சித்தோடு_நர்ஸ்
கம்புல தைராய்டைத் தடுக்கிற சத்து இருக்கறது நிஜம். ஆனா கம்பே மூணு வேளைச் சோறுன்னு இருந்து, அயோடினும் கிடைக்காத ஊர்லதான் கழலை (தைராய்டு வீங்கறது) வரும். வாரத்துல ரெண்டு நாள் கம்பஞ்சோறு, வேக வெச்ச கோஸ், ஒண்ணும் பண்ணாது. அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் மாறினவங்களைக் கேளுங்க, அதுதான் கவனிக்க வேண்டியது.

தைராய்டு மாத்திரை விசயத்துல காபிதான் நிசமான எதிரி. வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, அரை மணியாவது, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சுக் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. டோஸ் மாத்தினா அடுத்த டிஎஸ்எச் ஆறு வாரத்துக்கு அப்புறம்தான், அதுக்கு முன்ன எடுத்தா அரைகுறையாத்தான் தெரியும். கர்ப்பம்னு தெரிஞ்சா அந்த வாரமே டாக்டர்கிட்டப் போகணும், டோஸ் கூட்ட வேண்டியிருக்கும்.