செலவு இலக்கைத் தாண்டிவிட்டேன், ஆனால் வெல்கம் போனஸ் பாயிண்ட் ஏறவில்லை. என்ன செய்வது?

நிலாமுற்றம் (கேள்வி)

வணக்கம். புதிதாக ஒரு டிராவல் கிரெடிட் கார்டு வாங்கினேன். முதல் 90 நாளில் குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்தால் 60,000 பாயிண்ட் வெல்கம் போனஸ். தொகையைப் பொதுவில் சொல்ல விருப்பமில்லை, அதனால் இலக்கை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 104 வரை போய்விட்டேன். இலக்கைத் தாண்டி இரண்டு வாரம் ஆகிறது, நடுவில் ஒரு ஸ்டேட்மென்டும் வந்துவிட்டது. வழக்கமான பாயிண்ட் ஏறியிருக்கிறது, போனஸை மட்டும் காணோம்.

கஸ்டமர் கேரில் இரண்டு முறை பேசினேன். முதலில் எடுத்தவர் "தானாக ஏறிவிடும், காத்திருங்கள்" என்றார். அடுத்தவர் "நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை" என்றார். எவ்வளவு குறைகிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள். நான்கு மாதத்தில் பிரசவம். அம்மாவை அங்கே அனுப்ப இந்தப் பாயிண்டைத்தான் நம்பியிருக்கிறேன். கார்டு கைக்கு வந்து இன்று 78-வது நாள், அதாவது இன்னும் 12 நாள் மிச்சம் இருக்கிறது. பேசாமல் காத்திருக்கலாமா?

வழிநடை

பொறுமையாக இருங்கள். இலக்கு முடிந்த ஸ்டேட்மென்டில் வராவிட்டால் அதற்கு அடுத்ததில் வரும். எனக்கு ஒரு முறை ஆறு வாரம் ஆனது.

கணக்குநோட்டு

நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். "தகுதி பெறவில்லை" என்று ஒருவர் சொன்னால், எதிரில் இருக்கும் திரையில் எதையோ பார்த்துத்தான் சொல்லியிருப்பார். நிலாமுற்றம், இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். அந்த 104 ஆப்பில் காட்டும் மொத்தமா, நீங்களே உட்கார்ந்து கூட்டியதா? அதில் ஆண்டுக் கட்டணம், வாலட்டில் போட்ட பணம், ஏடிஎம்மில் எடுத்தது, வாங்கித் திருப்பிக் கொடுத்த பொருள் ஏதாவது இருக்கிறதா? அப்புறம், விண்ணப்பம் அப்ரூவ் ஆன தேதி என்ன? கார்டு கைக்கு வந்த தேதி வேண்டாம், அப்ரூவல் தேதி.

நிலாமுற்றம்

ஆப்பில் காட்டிய மொத்தம்தான். இப்போதுதான் ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்த்தேன். ஆண்டுக் கட்டணம் 4. வாலட்டில் போட்டது 6. ஒரு ஹெட்ஃபோன் வாங்கி, ஒரு காதில் சத்தம் வராததால் திருப்பிக் கொடுத்தேன், அது 3. ரீஃபண்ட் தனி வரியாக வந்திருக்கிறது, ஆனால் ஆப்பின் மொத்தத்தில் கழிக்கவில்லை. அப்ரூவல் மெயிலைத் தேடி எடுத்தேன். கார்டு வருவதற்கு 7 நாள் முன்பே அப்ரூவ் ஆகியிருக்கிறது. இது பாதிக்குமா?

கணக்குநோட்டு

பாதிக்கும், இரண்டு பக்கமும். 104-இல் 4, 6, 3 போனால் 91. இலக்குக்கு 9 குறைகிறது. நாள் கணக்கும் மாறுகிறது. பெரும்பாலான வங்கிகள் அப்ரூவ் ஆன நாளிலிருந்துதான் எண்ணும். அப்படிப் பார்த்தால் இன்று 85-வது நாள். உங்களுக்கு இருப்பது 12 நாள் இல்லை, 5 நாள்.

ஒவ்வொன்றும் ஏன் சேராது என்று சொல்கிறேன், அடுத்த கார்டுக்கும் உதவும். ஆண்டுக் கட்டணம், வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் வங்கி உங்களிடம் வாங்குவது. நீங்கள் பொருள் வாங்கிய செலவு ஆகாது. ஏடிஎம்மில் பணம் எடுத்தாலும், வேறு கார்டின் பாக்கியை இதற்கு மாற்றினாலும் அது கடன்தான், அதுவும் சேராது. வாலட் விஷயம்தான் பலரை ஏமாற்றிவிடுகிறது. கார்டு வாங்கும் ஒவ்வொரு வியாபாரிக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு வகைக் குறியீடு உண்டு. நீங்கள் அந்த வாலட்டிலிருந்து மருந்தே வாங்கியிருந்தாலும் வங்கியின் கணக்குக்குத் தெரிவது "வாலட்டில் பணம் ஏற்றம்" என்ற குறியீடு மட்டும்தான். விதிமுறையில் அந்த வகை விலக்கப்பட்டிருந்தால் ஒரு பைசா சேராது. வாடகை, எரிபொருள், அரசுக் கட்டணம் போன்றவையும் பல கார்டுகளில் இப்படி விலக்கப்பட்டிருக்கும். உங்கள் கார்டின் விதிமுறையில் "தகுதியான செலவு" என்று ஒரு பத்தி இருக்கும். இன்றே அதைப் படியுங்கள்.

குறையும் 9-ஐ எப்படி நிரப்புவது? தேவையில்லாத எதையும் வாங்காதீர்கள். எப்படியும் அடுத்த மாதமோ அதற்கு அடுத்த மாதமோ கட்ட வேண்டிய ஏதாவது இருந்தால் இப்போதே கட்டுங்கள். சரியாக 9 என்று நிறுத்தாமல் 12 வரை போங்கள். ஐந்தாவது நாள் வரை தள்ளவும் வேண்டாம். கார்டைத் தேய்த்ததும் அது 'பெண்டிங்' என்றுதான் இருக்கும். கணக்கில் பதிய ஓரிரு நாள், சில சமயம் மூன்று நாள்கூட ஆகும். சில வங்கிகள் தேய்த்த தேதியைப் பார்க்கும், சில வங்கிகள் பதிந்த தேதியைப் பார்க்கும். உங்கள் வங்கி எந்த ரகம் என்று சோதித்துப் பார்க்கும் நேரம் இது இல்லை.

பயணச்சீட்டு

இவ்வளவு சிரமம் எதற்கு? இதை விட்டுவிட்டு வேறு வங்கியில் இன்னொரு கார்டுக்கு விண்ணப்பிக்கலாமே.

கணக்குநோட்டு

91 வரை வந்தவரை விடச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும். அடுத்தடுத்துப் பதிந்தால் ஸ்கோர் இறங்கும். பல வங்கிகள் ஒரே கார்டுக்கு இரண்டாம் முறை வெல்கம் போனஸ் தருவதும் இல்லை.

தாழ்வாரம்

தம்பி, ரீஃபண்ட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். நான் இலக்கை மிகச் சரியாக முடித்து, போனஸும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஹோட்டல் முன்பதிவை ரத்து செய்தேன். பணம் திரும்பி வந்த மறு ஸ்டேட்மென்டில் போனஸைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் பாதியைச் செலவழித்திருந்தேன், பாயிண்ட் இருப்பு மைனஸில் நின்றது. கணக்குநோட்டு சொன்ன 12 அதனால்தான் முக்கியம். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஒரு ரீஃபண்ட் வந்தாலும் கவிழாது.

இன்னொன்று. போனில் பேசாதே. ஆப்பில் இருக்கும் சாட்டில் எழுது. "போனஸ் எப்போது வரும்" என்று கேட்டால் "விரைவில்" என்றுதான் பதில் வரும். "இன்று வரை என் தகுதியான செலவு எவ்வளவு? கடைசி தேதி எது?" என்று இரண்டே கேள்வி கேள். பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. விண்ணப்பித்த அன்று இருந்த சலுகைப் பக்கம் மெயிலில் இருந்தால் அதையும் சேர்த்து வை.

நிலாமுற்றம்

தாழ்வாரம் அக்கா, நீங்கள் சொன்னபடி சாட்டில் கேட்டேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. தகுதியான செலவு 91. கடைசி தேதி அப்ரூவலிலிருந்து 90-வது நாள். கணக்குநோட்டு அண்ணன் சொன்னது அப்படியே இருக்கிறது. படித்தபோது கை நடுங்கியது.

விதிமுறையைப் படித்தேன். வாலட்டும் வாடகையும் விலக்கு, இன்ஷூரன்ஸ் விலக்கில் இல்லை. அடுத்த மாதம் கட்ட வேண்டிய ஆண்டு பிரீமியம் சரியாக 12 வருகிறது. இப்போதே கட்டிவிட்டேன். முழுத் தொகையையும் ஸ்டேட்மென்ட் வந்ததும் அடைக்கக் கையில் பணம் இருக்கிறது.

கணக்குநோட்டு

அந்தக் கடைசி வரிதான் எனக்கு நிம்மதி. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடும், புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும். இரண்டு மூன்று மாத வட்டியிலேயே போனஸின் மதிப்பு கரைந்துவிடும்.

நிலாமுற்றம்

பதிந்துவிட்டது! 88-வது நாள். பாயிண்ட் வந்ததும் உடனே விமானக் கம்பெனி கணக்குக்கு மாற்றிவிடலாமா? மாற்ற எத்தனை நாள் ஆகும்?

வழிநடை

காத்திருக்கச் சொன்னது என் தவறு, மன்னிக்கவும். இதிலாவது உருப்படியாகச் சொல்கிறேன். இருக்கையைப் பார்க்காமல் மாற்றாதீர்கள். வங்கிப் பாயிண்டை மைலாக, அதாவது விமானக் கம்பெனியின் பாயிண்டாக, மாற்றினால் திரும்பி வராது. வங்கியில் இருக்கும்வரை எந்தக் கம்பெனிக்கும் போகலாம், மாற்றிவிட்டால் ஒன்றோடு கட்டுப்பட்டுவிடுவீர்கள். மைலுக்குக் காலாவதியும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் என்றால் 36 மாதம். மாறும் நேரம் சில இடங்களில் நிமிடக் கணக்கு, சில இடங்களில் பல நாள்.

முதலில் விமானக் கம்பெனி கணக்கை உங்கள் பெயரில் திறந்து, அம்மா போக வேண்டிய வாரத்தில் மைலுக்கு இருக்கை காட்டுகிறதா என்று தேடுங்கள். விகிதத்தையும் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று இல்லை. இரண்டு பாயிண்டுக்கு ஒரு மைல் என்றால் 60,000 என்பது 30,000-தான். வரியும் எரிபொருள் சர்சார்ஜும் பணமாகக் கட்ட வேண்டும். டிக்கெட் விவரத்தில் ஒய்க்யூ அல்லது ஒய்ஆர் என்று வருவது அந்த சர்சார்ஜ்தான். சில வழித்தடங்களில் அது கனமாக இருக்கும்.

உங்கள் மைலில் அம்மாவுக்கு டிக்கெட் போடலாம், ஆனால் திட்டத்துக்குத் திட்டம் விதி வேறு. கிரிஸ்ஃபிளையரில் 5 பேர் வரை நாமினியாகச் சேர்க்கலாம். ஜப்பானிய விமானக் கம்பெனியான ஏஎன்ஏவில் நெருங்கிய குடும்பத்தினருக்கு மட்டும். போனஸ் ஏறும் வரை சும்மா இருக்காமல் அம்மாவின் பெயரை இப்போதே சேர்த்து வையுங்கள்.

நிலாமுற்றம்

எல்லாருக்கும் சொல்ல வேண்டும். ஸ்டேட்மென்ட் வந்த மறுநாள் காலை 60,000 பாயிண்ட் ஏறியிருந்தது. இருக்கையைப் பார்த்து வைத்துவிட்டு, தேவையான அளவு மட்டும் மாற்றினேன். மைல் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் மணிக்கு ஒரு முறை அதே தேதியைத் தேடிக்கொண்டே இருந்தேன், இருக்கை போகவில்லை. அம்மாவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் முன்பு போய்ச் சேர்ந்துவிடுவார்.

பின்னால் வருபவர்களுக்கு ஒன்று. நாமினியாகச் சேர்க்கும்போது பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துப்படியே பெயரைப் போடுங்கள். நான் அம்மாவின் பெயரைச் சுருக்கிப் போட்டுவிட்டு, டிக்கெட் போடும் முன்புதான் கவனித்தேன். திருத்த ஒரு நாள் போனது.