கையடக்கச் சிற்றலை வானொலி: கைமாறியதை வாங்கலாமா, புதியதா?

தொண்டி நேயர் (கேள்வி):

அப்பாவுக்கு ஒரு சிற்றலை வானொலி வாங்க வேண்டும். கடலுக்குப் போன காலத்தில் மாலையில் கரையேறியதும் வானொலியைத் திருப்புவது அவர் வழக்கம். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று நின்ற பிறகு பழைய பெட்டி பரணுக்குப் போய்விட்டது. இப்போது மறுபடியும் கேட்கிறார். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, வத்திக்கான் தமிழ், இலங்கை நிலையங்கள் கிடைத்தால் அவருக்குப் போதும். எனக்கு 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம் வானொலிக்காரர்கள் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) பேசுவதைக் கேட்க ஆசை.

கீழக்கரையில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் இருக்கிறது. ஒன்பதாயிரம் சொல்கிறார். ஏறக்குறைய அதே பணத்துக்குப் புதிய டெக்சன் பிஎல்-330 கிடைக்கிறது. எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். எதை வாங்குவது?

கீழக்கரை நேயர்:

யோசிக்காமல் சோனியை வாங்குங்கள். சிங்க் (நிலையத்தின் அலையோடு ஒத்திசைந்து பிடிக்கும்) வசதியில் அதற்கு இணையான கையடக்கக் கருவி குறைவு. நிலையம் மங்கி மங்கி எழும்போதும் பேச்சு கலங்காமல் கேட்கும். இனி அப்படி ஒன்று செய்யப் போவதில்லை.

உச்சிப்புளி பழுதுபார்ப்பவர்:

தம்பி, கீழக்கரை நண்பர் அந்தக் கருவியைப் பற்றிச் சொன்னது சரிதான். 2001-இல் வந்த மாடல், அருமையான கருவி. ஆனால் நீங்கள் வாங்கப்போவது மாடலை அல்ல, அந்த ஒரு பெட்டியை. அது இத்தனை ஆண்டுகளாக எங்கே இருந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. துபாயில் குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் வந்தது என்றால் ஒரு கதை. கீழக்கரையில் கடல் பார்த்த ஜன்னலோரம் பல வருடம் கிடந்தது என்றால் வேறு கதை.

உப்புக்காற்று வானொலியை எப்படித் தின்கிறது என்பதை என் மேசையில் தினமும் பார்க்கிறேன். முதலில் மின்கலச் சுருள்கம்பியில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அடுத்து ஏரியல் கம்பியின் மூட்டுகள். பளபளவென்று நீளும், ஆனால் ஒன்றுக்கொன்று மின்தொடர்பு இருக்காது. பிறகு நகர்த்து சுவிட்சுகள். இந்தச் சோனியில் சிங்க், எஸ்எஸ்பி (ஹாம் பேச்சைக் கேட்கத் தேவையான ஒற்றைப் பக்கப்பட்டை முறை) தேர்வு நகர்த்து சுவிட்சில்தான் இருக்கிறது. அது கெட்டால் எதற்காக அந்தக் கருவியை வாங்குகிறீர்களோ அதுவே போய்விடும். உற்பத்தியும் நின்றுவிட்டதால் உதிரிப் பாகத்துக்கு இன்னொரு பழைய பெட்டியைத்தான் பிரிக்க வேண்டும். 1990-களில் வந்த பல சிறு கருவிகளில் மின்தேக்கிகள் கசிந்து மின்சுற்றுத் தகட்டையே அரிக்கும் தொல்லை உண்டு. இந்த மாடலில் அது குறைவு. ஈரமும் உப்பும் எந்த மாடலையும் விடுவதில்லை.

நேரில் போய்ப் பார்ப்பதானால் மாலை ஆறரைக்கு மேல் போங்கள். பகலில் போனால் பாதி அலைவரிசை வெறிச்சென்று இருக்கும். குறை கருவியிலா வானத்திலா என்று தெரியாது. வீட்டுக்குள் எல்இடி விளக்கும் கைப்பேசி சார்ஜரும் இரையும், அதனால் மொட்டை மாடிக்குக் கொண்டு போங்கள். 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகருங்கள். மெல்லிய நிலையம் ஒன்றில் நிறுத்தி, ஏரியலை முழுக்க மடக்கிவிட்டு மறுபடி நீட்டுங்கள். நீட்டும்போது ஒலி தெளிவாக ஏற வேண்டும். மடக்கினாலும் நீட்டினாலும் ஒரே மாதிரி என்றால் ஏரியலின் சமிக்ஞையை முதலில் வாங்கும் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம், அல்லது ஏரியலின் அடிமூட்டு போயிருக்கலாம். மழைக்காலத்தில் நீண்ட கம்பியை மாட்டியே வைத்தவர்களின் கருவிகளில் இந்த டிரான்சிஸ்டர்தான் முதல் பலி.

அடுத்து 10000 கிலோஹெர்ட்ஸ். சீனாவின் பிபிஎம் நேர சமிக்ஞை நொடிக்கு நொடி தட்டும். எஸ்எஸ்பிக்கு மாற்றி, சீழ்க்கை போன்ற சுருதி இறங்கி மறையும்வரை நகர்த்துங்கள். சரியாக 10000-இல் அல்லது அதன் பக்கத்திலேயே மறைய வேண்டும். ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய் மறைந்தால் கருவியின் அலைவரிசை அளவீடு நகர்ந்துவிட்டது. மின்கல அறையைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். கசிந்த மின்கலத்தின் வாடை எளிதில் போகாது. இவ்வளவையும் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

என் முடிவு: உங்கள் அப்பாவுக்குப் புதியதே வாங்குங்கள். அவர் கேட்கும் தமிழ் ஒலிபரப்புகள் நம் பக்கத்தை நோக்கி அனுப்பப்படுபவை, வலுவாகவே வரும். பிஎல்-330-இலும் சிங்க் உண்டு. சோனியின் பிடி அதில் இல்லை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் எஸ்எஸ்பி இருக்கிறது, உங்கள் 7 மெகாஹெர்ட்ஸ் ஆசையும் நிறைவேறும். அங்கே எல்எஸ்பியில் (எஸ்எஸ்பியின் கீழ்ப்பக்கப் பட்டை) வையுங்கள். அதன் மின்கலம் பழைய நோக்கியா கைப்பேசியில் போட்ட பிஎல்-5சி (BL-5C). கெட்டுப்போனால் ராமநாதபுரம் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். இது சிறிய விஷயம் இல்லை.

பெட்டியில் ‘பத்து பாண்டு’ என்று அச்சிட்டு முள் நகரும் மலிவான கருவிகளை மட்டும் தொடாதீர்கள். ஒரே நிலையம் மூன்று இடத்தில் கேட்கும், எது உண்மையான இடம் என்று பெரியவர் திண்டாடுவார்.

தொண்டி நேயர்:

நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம். எண்களைத் தட்டி நிலையம் பிடிக்க அப்பாவுக்கு வருமா? அத்துடன், படகில் இருக்கும் அண்ணன் பேசுவதை இதில் கேட்க முடியுமா என்றும் கேட்கிறார்.

பாம்பன் நேயர்:

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். முடியாது. படகில் இருப்பது விஎச்எஃப், அதாவது மிக உயர் அலைவெண் கருவி. அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலே 156.8 மெகாஹெர்ட்ஸ். சிற்றலைக் கருவி 30 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும், பிறகு பண்பலைதான். எங்கள் பக்கம் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 இருக்கிறது. ஆனால் சமுதாய வானொலியின் வீச்சு சில கிலோமீட்டர்தான், தொண்டிவரை எதிர்பார்க்க வேண்டாம். கடல் எச்சரிக்கைக்கு இந்தக் கருவியை மட்டும் நம்பி அப்பாவை இருக்க விடாதீர்கள்.

உச்சிப்புளி பழுதுபார்ப்பவர்:

எண் தட்டத் தேவையில்லை. பிஎல்-330-இல் தானே தேடிச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அந்தந்த நேரத்துக்குத் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். மாலையில் ஒருமுறை நீங்கள் தேட விட்டால், பிறகு அவர் சக்கரத்தைத் திருப்பினால் போதும். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் நிலையங்கள் அலைவரிசையை மாற்றும். அப்போது மறுபடி தேட விடுங்கள்.

வந்தவுடன் மத்திய அலையில் கருவி தாவும் இடைவெளியை 9 கிலோஹெர்ட்ஸாக மாற்றுங்கள். 10-இல் இருந்தால் தூத்துக்குடி 1053, திருச்சி 936 எதிலும் சரியாக நிற்காது. “கருவி மோசம்” என்று இதற்காகவே என்னிடம் கொண்டு வருகிறார்கள். இலங்கைப் புத்தளத்தின் 882-ஐயும் போட்டுப் பாருங்கள். நடுவில் கடல்நீர் இருப்பதால் மத்திய அலை நம் கரைக்கு நன்றாக நழுவி வரும், கடலை விட்டு உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

இரவில் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாரக்கணக்கில் கேட்காவிட்டால் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். ஏரியலை மடக்கும் முன் உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். நிலையம் மெலிந்தால் ஏழெட்டு மீட்டர் சாதாரண வயரை ஜன்னல் வழியாக வேப்பமரத்துக்கு இழுத்து, மறுமுனையை ஏரியலில் கவ்வ விடுங்கள். அதற்கு மேல் நீளம் வேண்டாம், வலுவான நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஐப்பசியில் இடி கேட்கத் தொடங்கினால் அந்த வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.