புதுப்பிப்பு: லுவா 5.4 சாண்ட்பாக்ஸிலிருந்து ஸ்கிரிப்ட் வெளியேறிய சிக்கல் தீர்ந்தது

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. லுவா நிரல்மொழியில், இயங்குதளத்தையும் கோப்புகளையும் கையாளும் 'ஓஎஸ்', 'ஐஓ' நூலகங்கள் இரண்டையும் நீக்கிய சூழலில் (சாண்ட்பாக்ஸ், அதாவது ஸ்கிரிப்ட் எதையெல்லாம் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வேலி) ஓடும் பயனர் ஸ்கிரிப்ட் எப்படிச் சர்வர் கோப்புகளைப் படிக்கிறது என்று கேட்டிருந்தேன்.

ஓட்டை, எழுத்துச் சரத்தை ஓடும் நிரலாக மாற்றித் தரும் 'லோட்' செயல்கூறில்தான் என்று ஒருவர் சொன்னது சரி. நான்காவது அளவுருவாகச் சூழல் தரப்படாவிட்டால், அது அழைப்பவரின் சூழலை எடுத்துக்கொள்வதில்லை. உண்மையான குளோபல் சூழலையே எடுத்துக்கொள்கிறது. 'ரிட்டர்ன் ஓஎஸ்' என்ற ஒற்றை வரிச் சரத்தை லோட் செய்து ஓட்டினால், நீக்கிய நூலகம் முழுதாகக் கைக்கு வந்துவிடும்.

இப்போது 'லோட்'டுக்கு ஓர் உறை, அதாவது அதற்குப் பதிலாக ஸ்கிரிப்ட் அழைக்கும் இடைச் செயல்கூறு, எழுதிவிட்டோம். நான்காவது அளவுரு எப்போதும் சாண்ட்பாக்ஸ் சூழல். மூன்றாவது எப்போதும் 'டி', அதாவது உரை வடிவம் மட்டும். இதையும் விடாதீர்கள்: லுவா 5.2 முதல் பைட்கோடை (முன்பே தொகுத்த இரும வடிவ நிரலை) சரிபார்க்கும் பகுதியே கிடையாது. திரித்த பைட்கோடு இன்டர்பிரெட்டரையே கவிழ்த்துவிடும். கோப்பிலிருந்து நிரலை ஏற்றும் 'லோட்ஃபைல்', 'டூஃபைல்' இரண்டையும் எடுத்துவிட்டோம்.

எதிர்பாராதது ஒன்று. சூழலுக்கான 'ஸ்ட்ரிங்' (சரங்களைக் கையாளும் நூலகம்) நகலில், ஒரு சரத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டித் தரும் 'ரெப்' இல்லை. ஆனாலும் சரத்தின் மீது முக்காற்புள்ளியிட்டு அழைத்தால் அது ஓடியது, ஏனெனில் அந்த அழைப்பு மெட்டாடேபிள் (எல்லாச் சரங்களுக்கும் பொதுவான நடத்தையைக் குறிக்கும் அட்டவணை) வழியாக மூல நூலகத்துக்குப் போகிறது. அந்த மெட்டாடேபிளை ஸ்கிரிப்ட் பெறாதபடி பூட்டினோம். ஆனால் 'ரெப்' அழைப்பை அது தடுக்காது. கட்டளைகளை எண்ணும் ஹூக்கும் உதவாது. ஹூக் எண்ணுவது லுவா கட்டளைகளை மட்டுமே; 'ரெப்' சி மொழியில் ஓடுவது. நினைவக ஒதுக்கியில் உச்சவரம்பு வைத்த பிறகே, ராட்சதச் சரம் கேட்கும் ஸ்கிரிப்ட் நினைவகப் பிழையோடு நிற்கிறது.