நோய்க்குப் பிந்தைய தொடு சிகிச்சை: எங்கள் வீடுகளில் நடந்தது

மகள், மன்னார்குடி

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து 14 மாதம் கழித்து இடது கை வீங்கத் தொடங்கியது. முதலில் காட்டிக்கொடுத்தது பிளவுஸ்தான். தையலைப் பிரித்துவிட்ட பிறகும் கை நுழையவில்லை. வளையலை ஆசாரி வந்து வெட்டி எடுத்தார். அறுவையின்போது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். அதனால் நிணநீர் வடிய வழியின்றித் தேங்குகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

தெரிவதற்கு முன்பே கெடுத்துக்கொண்டோம். சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தேன். விளக்கெண்ணெய் தடவி விரல் நுனியிலிருந்து தோள்வரை நன்றாக அழுத்தி உருவிவிட்டார். மூன்றாம் நாள் கை நெருப்பாய்ச் சிவந்தது, காய்ச்சல் 102. நான்கு நாள் படுக்கையில் வைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அறுவை நடந்த பக்கம் அது என்பதை நான்தான் அவரிடம் சொல்லவில்லை.

தொற்று முழுக்க அடங்கிய பிறகு தஞ்சாவூரில் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனோம். முதல் 20 நிமிடம் அவர் வீங்கிய கையைத் தொடவே இல்லை. கழுத்து, காறை எலும்பின் மேல்குழி, நல்ல பக்கத்து அக்குள் என்று எங்கெங்கோ தோலை மட்டும் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். பாலாடையைக் கிழியாமல் ஒதுக்குவோமே, அந்த அளவு அழுத்தம்தான். இதற்கா இரண்டு பஸ் மாறி வந்தோம் என்று எனக்கு எரிச்சல். அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது: “வடிகாலைத் தூர் வாராமல் வயலில் நிற்கும் தண்ணீரைத் தள்ளினால் அது எங்கே போகும்?” நிணநீர்க் குழாய்கள் பல தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றனவாம், அழுத்தினால் நசுங்கிவிடும்.

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் பிரான்சின் கான் நகரில் உருவாக்கி, 1936இல் பாரிஸில் அறிமுகப்படுத்திய, நிணநீரைக் கையால் வருடி வடியவைக்கும் முறை இது. ஆனால் இது மட்டும் போதாது. வருடிவிட்டபின் கட்டுப் போடாமல் விட்டால் மறுநாள் காலையில் கை பழையபடி உப்பியிருக்கும். விரல் விரலாக மெல்லிய துணி சுற்றி, மேலே பஞ்சு, அதற்கு மேல் அதிகம் இழுபடாத பேண்டேஜ்; கட்டோடு சின்னச் சின்னப் பயிற்சிகள்; குளித்ததும் தோல் வெடிக்காமல் இருக்கக் களிம்பு. மூன்று வாரத்தில் இரண்டு கைகளுக்கும் இடையிலான சுற்றளவு வித்தியாசம் 5 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ. ஆனது. அதற்குக் கீழே இறங்கவில்லை, இனி இறங்கும் என்றும் யாரும் சொல்லவில்லை.

இரவில் நானாகச் சேர்த்துக்கொண்டது, தேங்காய் எண்ணெய் தொட்டுப் பாதங்களைப் பிடித்துவிடுவது. வீக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மா ஒருநாள் சொன்னார்: “ஒரு வருஷமாக என்னைத் தொட்டவர்கள் எல்லாரும் ஊசி குத்தத்தான் தொட்டார்கள்.”

அண்ணன், மதுரை

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவுக்குப் பிறகு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 50,000க்குக் கீழே போனபோது, பிடித்துவிடுவதெல்லாம் வேண்டாம், தோலுக்குள் ரத்தம் கசியும் என்று செவிலியர் தடுத்துவிட்டார். கையைச் சும்மா வைத்திருக்கலாமா என்று கேட்டேன். வைத்திருங்கள் என்றார். அப்படியே உள்ளங்காலில் உள்ளங்கையைப் பொருத்தி உட்கார்ந்திருப்பேன். ஆசையாக வாங்கிய லாவெண்டர் தைலம் வீணாயிற்று. மூடியைத் திறந்ததுமே வாந்தி எடுத்தான். கீமோ நாட்களில் வாசனையே பகை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை வைத்தே குணமாக்குகிறேன், மருந்தை நிறுத்துங்கள் என்று ஒருவர் வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். ரெய்கி (கை வைத்துச் சக்தியைச் செலுத்துவதாகச் சொல்லும் ஜப்பானிய முறை) தெரிந்த வேறொருவர் எந்த வாக்குறுதியும் தராமல், காசும் கேட்காமல், வாரம் ஒருமுறை வந்து தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியருகே கை வைப்பார். அந்தச் சக்தியில் எனக்கு இன்றும் நம்பிக்கை இல்லை. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையால் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவன் அந்த முக்கால் மணி நேரம் தூங்கினான்.

தேறி வந்தவள், கோயம்புத்தூர்

எனக்கு வந்தது கில்லன் பாரே என்ற நரம்பு நோய். கால் விழுந்து, கை விழுந்து, 11 நாள் வென்டிலேட்டர். மெல்லத் தொடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். என் அனுபவம் நேர்மாறு. நரம்பு புண்பட்டிருந்த அந்த நாட்களில் போர்வை நுனி உரசினாலே கால் எரியும். அத்தை பாசத்தோடு விரல் நுனியால் வருடுவார். எனக்கு உயிர் போகும், வாயில் குழாய் இருப்பதால் சொல்லவும் முடியாது. பிசியோதெரபிஸ்ட் மட்டும் “இப்போது வலது முழங்காலைப் பிடிக்கப்போகிறேன்” என்று சொல்லிவிட்டு முழு உள்ளங்கையையும் அழுத்தமாக, அசைக்காமல் வைப்பார். அதைத் தாங்க முடிந்தது. ஒருமுறை கண் சிமிட்டினால் சரி, இரண்டு முறை சிமிட்டினால் வேண்டாம் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. எரிச்சல் அடங்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு அத்தையின் வருடலும் பிடித்துப்போனது. பாவம், அவர் பயந்துபோய்க் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார், நான்தான் எடுத்து என் காலில் வைத்தேன்.

மகன், நாகர்கோவில்

என் அப்பாவுக்கு யானைக்கால். மன்னார்குடிச் சகோதரி எழுதியதைப் போன்ற கூட்டு முறையைக் காசர்கோட்டில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைட் டெர்மடாலஜியில் பார்த்தோம். சோப்பால் கழுவி விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பது, மூலிகைக் கஷாயத்தில் கால் ஊறல், யோகா மூச்சுப் பயிற்சி, மென்மையான நீவல், கடைசியில் கட்டு. அப்பாவுக்குக் கால் மெலிந்ததைவிட, மாதம் ஒருமுறை வந்த குளிர்காய்ச்சல் நின்றதுதான் பெரிய நிம்மதி. சகோதரி, பேண்டேஜை நீங்கள் எப்படித் துவைக்கிறீர்கள்? எங்களுடையது சீக்கிரம் தொய்ந்துபோகிறது.

மகள், மன்னார்குடி

முறுக்கிப் பிழியாதீர்கள் அண்ணா. சாதா சோப்பில் அலசி, துண்டுக்குள் வைத்து ஒற்றியெடுத்து, நிழலில் கிடத்திக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்திலேயே இழுபட்டுவிடும். இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். காய்ந்ததைச் சுருட்டுவது அப்பாவின் வேலை. சாயங்காலச் செய்தி ஓடும்போது தொடையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். ஓரம் பிசகினால் முழுவதையும் பிரித்து மறுபடி சுற்றுவார்.