பன்றிக்கு இரை போட்டுக் காத்திருந்த ராத்திரிகள்

சான் ஆன்டோனியோவிலிருந்து:

காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியும், அதனால் என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன், உங்களுடையதைக் கீழே போடுங்கள். நான் டெக்சாஸுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. அதில் 6 வருடமாகக் கான்சாலஸ் பக்கம் ஒரு பெரியவருடைய நிலத்தில் பன்றிக்கு இரை வைக்கிறேன். குவாடலூப் ஆற்றை ஒட்டி 200 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும், பாதி மேய்ச்சல் நிலம், மீதி பெக்கான் மரமும் ஓக் மரமும். வைக்கோலுக்காக விட்டிருந்த புல்வெளியை ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் ஏர் பூட்டி உழுத மாதிரி புரட்டிப் போட்டிருந்தது. அதை எனக்குக் காட்டியபோது பெரியவர் ஒன்றும் பேசவில்லை, பூட்ஸ் முனையால் ஒரு மண்கட்டியை உடைத்துக்கொண்டு நின்றார். தேனிப் பக்கம் எங்கள் கடலைக்காட்டில் அப்பா இதே மாதிரி நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே அவரிடம் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே இந்தப் பன்றி மண்ணுக்குச் சொந்தமானது இல்லை. 1539-ல் ஸ்பெயின்காரர் டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார், அப்புறம் குடியேறிய விவசாயிகள் அவிழ்த்து மேயவிட்ட பன்றிகள் காட்டுக்குள் போயின, 1930-களில் வேட்டைக்கென்று ஐரோப்பியக் காட்டுப்பன்றியையும் டெக்சாஸில் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாம் கலந்து இன்றைக்கு டெக்சாஸில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. சினை 115 நாள்தான், ஒரு ஈற்றுக்கு 5, 6 குட்டி. சுடுவதற்குக் காலக்கெடுவும் இல்லை, இத்தனைதான் என்ற கணக்கும் இல்லை. 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில் நிலக்காரர் சம்மதம் இருந்தால் வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம்.

சரி, இரைக்கு வருகிறேன். எல்லாரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன், 50 பவுண்டு மக்காச்சோள மூட்டையை வாங்கி அப்படியே தரையில் கொட்டினேன். விடிவதற்குள் மானும் ரக்கூனும் துடைத்துவிட்டுப் போயிருந்தன, பன்றிக்கு ஒரு மணி மிஞ்சவில்லை. பெரியவர்தான் புளிக்க வைக்கச் சொன்னார். 20 லிட்டர் பக்கெட்டில் முக்கால் அளவுக்குச் சோளம் (அதற்கு மேல் போடாதீர்கள், ஊறினால் உப்பும்), மூழ்கும் வரை தண்ணீர், ஒரு கிலோ சர்க்கரை, ஒரு பாக்கெட் ஈஸ்ட், ஒரு பாக்கெட் ஸ்ட்ராபெரி ஜெல்லிப் பொடி. மூடியை இறுக்கி மூடக் கூடாது, வாயு கிளம்பி வெடித்துவிடும். ஜூலை வெயிலில் ஐந்தாறு நாள் போதும், நுரை கட்டி மேலே வெள்ளையாக ஆடை படியும். மூடியைத் திறந்தால் நம் வீட்டில் மூன்று நாள் மறந்துபோன மாவுக்குண்டான் மாதிரி ஒரு நாற்றம், அதோடு பழவாசம். மான் மோந்துபார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பன்றிக்கு அது நெடுந்தூரம் கூப்பிடும்.

மேலே கொட்டுவதைவிடப் புதைப்பது நல்லது. கம்பம் நடக் குழி தோண்டும் கருவியால் முழங்கால் ஆழத்துக்கு மூன்று நான்கு குழி போட்டு, சோளத்தைக் கொட்டி, மேலே லேசாக மண்ணைத் தள்ளிவிடுவேன். பன்றிக்கு மூக்குதான் கடப்பாரை. மேலே கிடந்தால் பத்து நிமிடத்தில் தின்றுவிட்டுப் போகும், குழிக்குள் இருந்தால் ஒரு மணி நேரம் தோண்டிக்கொண்டு நிற்கும், மறுநாள் காலிக் குழியையும் வந்து தோண்டும். சிலர் மான் தின்னாமல் இருக்கச் சோளத்தில் டீசல் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது மண்ணுக்குள் இறங்குகிறது, ஆற்றை ஒட்டிய நிலம் வேறு, நாம் விருந்தாளியாகப் போகிற இடம்.

காற்றைப் பார்க்காமல் எதுவும் நடக்காது. பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு அபாரம். அங்கே பெரும்பாலும் தென்கிழக்குக் காற்று, அதனால் பரண் இரைக்கு வடமேற்கே 80 கஜத்தில். பன்றி ஏறி வருகிற ஆற்றுப் பள்ளம் தெற்கே இருப்பது நல்லதாகப் போயிற்று. காற்று திரும்பிய ராத்திரிகளில் நான் பரண் ஏறுவதே இல்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒன்றரை மணி நேரப் பயணம் வீண்தான், ஆனால் ஒருமுறை நம் வாடை பட்டுவிட்டால் அந்த இடத்தையே விட்டுவிடும். இன்னொன்று, அக்டோபர், நவம்பரில் ஓக் கொட்டையும் பெக்கானும் விழ ஆரம்பித்தால் உங்கள் சோளத்தைச் சீண்டாது. ஒரு மாதம் முழுக்கப் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுபோய்ப் புதைத்தேன், இரைக்குப் பக்கத்தில் வைத்த கேமராவில் ஒரு வால்கூட இல்லை. கொட்டை தீர்ந்து குளிர் இறங்கியதும் ஜனவரியில் தானாக வந்தன.

நான் செய்த பெரிய தப்பு அவசரம். முதல் வருடம் இரைக்கு முதலில் வந்த மூன்று பன்றியைக் கண்டதும் சுட்டேன், ஒன்று விழுந்தது. அது நடுத்தரக் குட்டி. பின்னால் இருட்டில் நின்ற தாய்ப்பன்றிகளும் மற்றவையும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு போய்விட்டன, ஏழு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. அதற்குள் பெரியவருடைய இன்னொரு புல்வெளி போயிற்று.

போன வருடம் அப்படிச் செய்யவில்லை. கேமராவில் 14 எண்ணினேன், பெரிய தாய்ப்பன்றி மூன்று. துப்பாக்கி எடுக்காமல் 19 நாள் இரை மட்டும் வைத்தேன். இருபதாவது ராத்திரி பரணில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு முதலில் சத்தம்தான் வந்தது, ஆற்றுப் பள்ளத்தில் சுள்ளி முறிவது, ஒரு குட்டி கீச்சிடுவது. உடல் சூட்டை வைத்து இருட்டிலும் காட்டுகிற தெர்மல் ஸ்கோப்பில் பார்த்தால் குட்டிகள் வெள்ளை வெள்ளையாக உருண்டு வருகின்றன, குழியில் தலையை விட்டு நறநற என்று கடிக்கிற சத்தம் 80 கஜத்துக்குக் கேட்கிறது. ஆனால் பெரியது வரவில்லை. மர ஓரத்தில் மூக்கை உயர்த்திக்கொண்டு இருபது நிமிடம் நின்றது. அசையவே இல்லை, மூக்கு மட்டும் ஆடியது. என் முழங்கால் மரத்துப்போனது, மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அப்புறம் ஒரு உறுமல், அடுத்த நிமிடம் எல்லாம் குழிமேல். பெரியதை முதலில் சுட்டேன், முன்னங்காலுக்கு நேர் மேலே, கீழ்ப்பாதியில் (மான் மாதிரி தோளுக்குப் பின்னால் குறி வைத்தால் வயிற்றில் படும், காயத்தோடு ஓடிச் சித்திரவதைப்படும்). அடுத்து இன்னொரு தாய். மூன்றாவது ஓட்டத்தில் ஒன்று. அவ்வளவுதான், 11 போய்விட்டன.

அறுக்கும்போது கையுறை கட்டாயம். இந்தப் பன்றிகளில் புருசெல்லா கிருமி இருக்கும், கைக்காயம் வழியாக நமக்கு வரும், மாதக்கணக்கில் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும். கறியை உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரும் வரை வேக வையுங்கள். இளம் பன்றி என்றால் மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டு வறுவல் செய்யலாம், கிழட்டு ஆண் பன்றியைச் சமைக்கிற வாடை வீட்டைவிட்டுப் போக இரண்டு நாள் ஆகும்.

என் கேள்வி அந்த 11-ஐப் பற்றித்தான். இரை வைத்து நம்பிக்கையை வளர்த்து மூன்றை மட்டும் எடுத்தால் மீதி இன்னும் கெட்டிக்காரப் பன்றியாகிவிடுகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

* * *

ஹூஸ்டனிலிருந்து:

அண்ணே, துப்பாக்கியால் கூட்டம் குறையாது. பெருகாமல் நிறுத்தவே வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை எடுக்க வேண்டும் என்று இங்கே வேளாண் விரிவாக்கத் துறையினர் சொல்வார்கள், பரணில் உட்கார்ந்து அது முடியுமா? துப்பாக்கியைத் தனியாகத் திரிகிற ஆண் பன்றிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தை மொத்தமாக அடைத்துப் பிடிக்கப் பட்டிதான்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பிராசோஸ் ஆற்றுப் பக்கம் ஒரு நெல் விவசாயிக்காகப் பட்டி போட்டோம். 5 அடி உயரக் கம்பி வலைச் சட்டங்களை வட்டமாகக் கட்ட வேண்டும், மூலை இருக்கவே கூடாது. மூலை இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும். வாசல் அகலம் 8 அடி, மேலிருந்து விழுகிற கதவு, போனிலிருந்து இறக்கலாம். உங்கள் புளித்த சோளம்தான் எங்களுக்கும். முதலில் பட்டி இல்லாமல் வெறும் தரையில் ஒரு வாரம், பிறகு சட்டத்தை மட்டும் நட்டு வாசலைத் திறந்தே வைத்து வெளியே இரை, அப்புறம் வாசலில், கடைசியில் உள்ளே. குட்டிகள் முதல் நாளே உள்ளே போய்விட்டன. தாய்ப்பன்றி ஒன்று மட்டும் வாசல் கோட்டில் முன்காலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஒன்பது ராத்திரி அப்படியே நின்றது. எங்களில் ஒருவர் கதவை விட்டுவிடலாம், வந்தவை போதாதா என்று தினமும் கேட்டார். விடவில்லை. பத்தாவது ராத்திரி இரண்டே முக்காலுக்கு அதுவும் உள்ளே போய்க் குழியில் தலையை விட்டது. 22 மொத்தமும் உள்ளே. மறுவருடம் அந்த வயலில் சேதம் இல்லை என்று அவர் கூப்பிட்டுச் சொன்னார்.

பிடித்ததை உயிரோடு வேறு இடத்தில் விடக் கூடாது, சட்டம் அப்படி. அங்கேயே முடித்துவிட வேண்டும், அல்லது அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். குட்டியைப் பார்த்துப் பாவப்பட்டு விட்டால் அடுத்த விவசாயி அழுவார்.

* * *

ஆனைகட்டிப் பக்கமிருந்து:

வணக்கமுங்க. நான் வேட்டைக்காரன் இல்லை, காட்டோரம் மூன்று ஏக்கரில் சோளமும் கடலையும் போடுகிறவன். இரை என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கம் பன்றிக்கு இரை என்றால் அவுட்டுக்காய். கொழுப்பிலோ பழத்திலோ வெடியை மறைத்துக் காட்டுப் பாதையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கடித்தால் வாய் போய்விடும். பன்றிக்குத்தான் வைத்தோம் என்பார்கள், ஆனால் யார் கடிப்பார்கள் என்று வெடிக்குத் தெரியுமா? எங்கள் மணி ஒரு விடியற்காலையில் தாடை இல்லாமல் களத்துக்கு வந்து என் காலடியில் படுத்தது. ஏழு வருடம் எங்கள் காட்டைக் காத்த நாய். தண்ணீர் வைத்தேன், குடிக்க வாய் இல்லை. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வாய் வெந்த சினை யானை வெள்ளியாற்றில் நின்றபடியே செத்ததே, அதைப் படித்தபோது எனக்கு மணிதான் கண்ணில் நின்றது.

பன்றியால் எங்களுக்கு நஷ்டம் இல்லையா என்றால் உண்டு. விதைத்த ராத்திரியே சாலோடு சாலாக மோந்துகொண்டு போய் ஒவ்வொரு விதையாக எடுத்துவிடும், காலையில் பார்த்தால் வரிசையாகக் குழி. சுற்றிப் பழைய சேலை கட்டுகிறோம், தகரம் தட்டுகிறோம், பரணில் முறை வைத்துப் படுக்கிறோம். 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். என் காடு முதல் கிலோமீட்டருக்குள். அதனால் எனக்குச் சேலைதான்.

அந்தப் பட்டி, வட்டமாகக் கட்டுவது, தாய்ப்பன்றி வரும் வரை பொறுப்பது, இதையெல்லாம் வனத்துறை ஆட்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். அளவுகளை இன்னும் விவரமாகப் போடுங்க தம்பி.

* * *

சான் ஆன்டோனியோவிலிருந்து:

மணியைப் பற்றிப் படித்துவிட்டு நேற்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் அண்ணே. எங்கள் ஊரிலும் அந்தக் காய் உண்டு, எங்கள் மாடு ஒன்று அப்படிப் போயிருக்கிறது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஹூஸ்டன் தம்பி சொன்னபடி பட்டி போட்டுவிட்டேன். வட்டத்துக்கு 16 அடிச் சட்டம் ஆறு, கம்பம் 5 அடிக்கு ஒன்று, வலைக்கண் கீழ்ப்பக்கம் நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டி நுழைந்து போய்விடும். இன்றோடு 13 நாள். நேற்று ராத்திரி கேமராவில் 9 உள்ளே, 2 வாசலுக்கு வெளியே. பெரியவர் காலையில் கூப்பிட்டு, கதவை விட்டாயா என்று கேட்டார். இன்னும் இல்லை, வெள்ளிக்கிழமை இன்னொரு பக்கெட் கொண்டுவருகிறேன் என்றேன்.