மதுரை – சென்னை: எந்த விமானம் என்று முதலில் பாருங்கள்

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், எந்த விமானம் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். நேர்கோட்டில் அளந்தால் 420 கிலோமீட்டர்கூட முழுசாக வராது. ஏர்பஸ் என்றால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போல இருக்கும். இறக்கையில் காத்தாடி சுற்றும் ஏடிஆர் என்றால் ஒன்றரை மணியை ஒட்டி வரும்.

ஒரு தடவை ஏடிஆரில் பக்கத்து சீட்டில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். பாதி வழியில் பொறுமை போய்விட்டது அவருக்கு.

"என்ன தம்பி, போன தடவ ஏறுனதும் எறக்கி விட்டாங்க. இது டவுன் பஸ் கணக்கா போகுது?"

"அது ஜெட்டுங்கய்யா, மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல பறக்கும். இது 500தான்."

"அப்ப காசு கம்மியா வாங்கணும்ல?"

நியாயமான கேள்விதான். இரண்டு டிக்கெட்டும் ஏறக்குறைய ஒரே விலை.

இன்னொன்றும் சொன்னேன். மதுரையிலிருந்து சென்னையைவிடக் கொழும்பு பக்கம், வான்வழியில் 350 கிலோமீட்டர் சொச்சம்தான். சிரித்துவிட்டார். "தெரிஞ்சிருந்தா மகளை அங்கயே கட்டிக் குடுத்திருப்பேன். பாஸ்போர்ட்டுன்னு ஒண்ணு கேப்பாங்களே, அதான் இடிக்குது."

எனக்கென்னவோ ஏடிஆரே பிடிக்கும். பின்கதவு வழியாக ஏறி உட்கார்ந்தால், இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பே இல்லை. நடுவரிசை ஜன்னல் கிடைத்தால், தரையை விட்டதும் சக்கரம் மடங்கி உள்ளே போவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஜெட் அளவுக்கு உயரம் போகாது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலில் மின்னும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது முழுக்கப் பறக்கும் நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து சென்னையில் போய் நிற்கும்வரை எல்லாம் அதில் சேர்த்தி. சென்னையில் ஓடுபாதை காலியாக இல்லையென்றால் வானத்திலேயே வட்டமடிக்க வேண்டியதுதான். தாம்பரம் கண்ணுக்குத் தெரியும், இறங்க முடியாது.

அப்புறம், வீட்டுக் கணக்கு வேறு. அவனியாபுரம் தாண்டிப் போய், ஒரு மணி நேரத்துக்கு முன்பே பெட்டியைப் போட்டு, சோதனைக்கு வரிசையில் நின்று, மீனம்பாக்கத்தில் பெட்டி வரும்வரை காத்திருந்து, அங்கிருந்து ஊருக்குள் போவதற்குள் நாலு மணி நேரம் ஓடிவிடும். தேஜஸ் ரயில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து எழும்பூரிலேயே இறக்கிவிடுகிறது. ஆகவே எழும்பூர், புரசைவாக்கம் பக்கம் வேலை என்றால் நான் ரயில்தான். மீனம்பாக்கத்தில் வெளிநாட்டு விமானத்துக்கு மாற வேண்டும் என்றால், ஏடிஆரே ஆனாலும் விமானம். அதிலும் நடுவில் மூன்று மணி நேரமாவது விட்டுத்தான் டிக்கெட் போடுவேன்.